தொடக்கநிலை சைக்கோசிஸில் தைராய்டைக் கவனிப்பது எப்படி: அறிவாற்றல் சிகிச்சைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல்முறையாக சைக்கோசிஸ் (நிஜத்தைப் பிரித்தறிய முடியாமல் போகும் மனநோய் நிலை) வந்து, காதில் கேட்ட குரல்களும் அக்கம்பக்கத்தார் மீது இருந்த சந்தேகமும் மருந்தில் ஓரளவு அடங்கிய பிறகு, இரண்டாவது அல்லது மூன்றாவது மாதத்தில் பெற்றோர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "பழைய பேச்செல்லாம் நின்றுவிட்டது, ஆனால் பிள்ளை ஏன் இப்படி மந்தமாகவே இருக்கிறான்?" ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் முதல் பத்தி மறந்துவிடுகிறது, மூன்று பொருள் வாங்கிவரச் சொன்னால் ஒன்று விட்டுப்போகிறது, கேட்ட கேள்விக்கு விடை வர நேரமாகிறது. இதற்கு நோயே காரணமாக இருக்கலாம், மருந்தினால் வரும் தூக்கக் கலக்கம் காரணமாக இருக்கலாம், மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம். இவற்றுக்கிடையே ஒளிந்திருக்கக்கூடிய இன்னொரு காரணம் தைராய்டு ஹார்மோன் குறைவு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடியது என்பதால் அதைத் தவறவிடுவது வருத்தத்துக்குரியது.

அறிவாற்றல் சார்ந்த சிகிச்சைக்கு முன் அதை எப்படிப் பரிசோதிப்பது, ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, மாத்திரை தேவைப்பட்டால் சிகிச்சையை அதற்கேற்ப எப்படி ஒழுங்கு செய்வது என்பவற்றை, சிகிச்சை அறையில் எதிர் நாற்காலியில் உட்காரும் உளவியலாளர் என்ற நிலையிலிருந்து எழுதுகிறேன். மருந்து எழுதுவதோ அளவை மாற்றுவதோ என் வேலையன்று. அவை மனநல மருத்துவரும் பொது மருத்துவரும் முடிவு செய்ய வேண்டியவை.

சிகிச்சை மூளையிடம் என்ன கேட்கிறது

அறிவாற்றல் சிகிச்சை என்ற பெயரில் மூன்று வேறுபட்ட வேலைகள் நடக்கின்றன. ஒருவரின் நம்பிக்கைகளையும் அவற்றுக்கான ஆதாரங்களையும் அவரோடு சேர்ந்தே ஆராய்வது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு இதற்குக் குறைந்தது 16 அமர்வுகளைப் பரிந்துரைக்கிறது. கவனம், நினைவாற்றல், திட்டமிடல் ஆகியவற்றைப் படிப்படியான பயிற்சிகளால் வலுப்படுத்துவது அறிவாற்றல் மீட்புப் பயிற்சி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்டெஃபன் மோரிட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய மெட்டாகாக்னிட்டிவ் பயிற்சி மூன்றாவது. அவசரமாக முடிவுக்குத் தாவுவது போன்ற சிந்தனைப் பழக்கங்களைத் தானே கவனித்துத் திருத்திக்கொள்ள அது கற்றுத்தருகிறது.

மூன்றுக்கும் பொதுவாகத் தேவைப்படுவன சில உண்டு. முக்கால் மணி நேரம் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். சென்ற வாரம் பேசியதை இந்த வாரம் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு விளக்கங்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். வீட்டுப்பாடத்தை யாரும் நினைவூட்டாமலே செய்யப் பார்க்க வேண்டும். தைராய்டு ஹார்மோன் குறையும்போது தளரக்கூடியவையும் இவைதாம். சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற வடிவில் ஹார்மோனை வெளியிடுகிறது. மூளைக்குள் போன டி4, அங்குள்ள துணை செல்களில் இருக்கும் ஒரு நொதியால் வீரியமுள்ள டி3-ஆக மாற்றப்படுகிறது. நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் இந்த ஹார்மோனுக்கான ஏற்பிகள் நிறைய உள்ளன. ஆகவே கழுத்தில் நடக்கும் குறைபாடு தலையில் மந்தமாக வெளிப்படுவதில் வியப்பில்லை.

இதன் மறுபக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1949-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர், தைராய்டு கடுமையாகக் குறைந்ததால் மனநோய்க்கு ஆளான 14 பேரைப் பற்றி எழுதினார்; அவர்களில் பலர் தைராய்டு மருந்து கொடுத்ததும் தெளிந்தார்கள். இந்தச் செய்தியை இணையத்தில் படித்துவிட்டு, "அப்படியானால் என் மகளுக்கும் தைராய்டுதான், சைக்கோசிஸ் இல்லை" என்று மருந்தை நிறுத்த வருபவர்கள் உண்டு. ஆஷர் கண்டது முகம் ஊதி, குரல் கரகரத்து, நெடுநாள் சிகிச்சையின்றி இருந்த நோயாளிகளை. தைராய்டு குறையும்போது ஏறும் டி.எஸ்.எச். அளவு சற்றே கூடி 6 என்று ரிப்போர்ட் வந்த இருபது வயதுப் பெண்ணின் நிலை அதுவன்று. தைராய்டு குறைவு இருப்பது தெரிந்தாலும், மனநல மருத்துவர் சொல்லாமல் சைக்கோசிஸ் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

எப்போது, எப்படிப் பரிசோதிப்பது

முதல் தடவை சைக்கோசிஸ் வரும்போதே தைராய்டு பரிசோதனை செய்வது நல்ல மருத்துவமனைகளில் வழக்கம். ஆனால் அந்த முதல் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி முடிவெடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடுமையான மனக்கொந்தளிப்போடு மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது, சுரப்பியில் எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் டி4 தற்காலிகமாக உயர்ந்திருக்கலாம். ஓரிரு வாரங்களில் தானாக இறங்கிவிடும். நாட்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தவருக்கு டி3 குறைந்து காணப்படலாம். எனவே அட்மிஷன் நேரத்து அளவு சற்றே எல்லை தாண்டியிருந்தால், நிலை அடங்கிய சில வாரங்களுக்குப் பின் மறுபடி பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். உளவியல் சிகிச்சையைத் திட்டமிட உதவுவது இந்த இரண்டாவது ரிப்போர்ட்தான்.

டி.எஸ்.எச். மட்டும் போதும் என்று ஆய்வகத்தில் சொல்வார்கள். பொதுவான நோயாளிகளுக்கு அது சரி. மனநல மருந்து எடுப்பவருக்கு ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. க்வெட்டியாபின் மருந்து டி4 அளவைக் குறைத்தும் டி.எஸ்.எச்.-ஐப் பெரும்பாலும் அப்படியே விட்டும் வைப்பது உண்டு. கார்பமசெபின் டி4-ஐ வேகமாகக் கரைத்துவிடுகிறது. லித்தியம், சுரப்பி ஹார்மோனை வெளியிடுவதையே தடுக்கிறது. டி.எஸ்.எச். கூடியிருந்தால் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் பரிசோதனையையும் மருத்துவர் எழுதக்கூடும். சுரப்பியை உடலே தாக்குகிறதா என்பது அதில் தெரியும்.

ரத்தம் கொடுக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. டி.எஸ்.எச். இரவில் கூடி, பகலில் குறையும். முதல் முறை காலை எட்டு மணிக்கும் அடுத்த முறை மாலை நான்கு மணிக்கும் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் வீணான குழப்பம்தான் வரும். ஒரே ஆய்வகம், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைவுக்கான தைராக்சின் மாத்திரையை ஏற்கெனவே எடுப்பவர், அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போட்டுக்கொள்ளட்டும். முடி உதிர்கிறது என்று கடையில் கேட்டு வாங்கிய பயோட்டின் மாத்திரையைச் சாப்பிடுகிறவர், குறைந்தது இரண்டு நாளாவது முன்னதாக நிறுத்த வேண்டும். பல ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டி, இல்லாத மிகைத் தைராய்டை இருப்பதாக நினைக்க வைக்கும். முடி உதிர்வதே தைராய்டு குறைவின் அறிகுறியாக இருக்க, அதற்காக வாங்கிய மாத்திரை பரிசோதனையைக் கெடுப்பதை என்னவென்று சொல்வது!

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

பெரும்பாலான ஆய்வகங்கள் டி.எஸ்.எச்.-க்கு லிட்டருக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 அல்லது 4.5 மில்லி யூனிட் வரை இயல்பு என்று அச்சிடுகின்றன. டி.எஸ்.எச். என்பது சுரப்பியை வேலை வாங்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஆணை. ஹார்மோன் குறைந்தால் ஆணை கூடும், ஆகவே டி.எஸ்.எச். ஏறுவது தைராய்டு இறங்குவதன் அடையாளம். "டி.எஸ்.எச். அதிகம், அதனால் தைராய்டு அதிகம்" என்று தலைகீழாகப் புரிந்துகொள்ளும் குடும்பங்கள் நிறைய.

டி.எஸ்.எச். கூடி, ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் அது தெளிவான குறைவு; மாத்திரை தேவைப்படும். டி.எஸ்.எச். சற்றே கூடி, ஃப்ரீ டி4 இயல்பாக இருந்தால், பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள், டி.எஸ்.எச். 10-க்கு மேல் போனால் சிகிச்சை பக்கம் சாய்வார்கள். டி.எஸ்.எச். இயல்பாகவும் ஃப்ரீ டி4 குறைவாகவும் இருந்தால், அது மருந்தின் விளைவா, மூளையடிச் சுரப்பியின் கோளாறா என்று மருத்துவர் பிரித்துப் பார்க்க வேண்டும், "டி.எஸ்.எச். நார்மல்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடக் கூடாது. டி.எஸ்.எச். மிகக் குறைந்திருப்பது மிகைத் தைராய்டின் பக்கம். அது படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு ஆகியவற்றோடு வரும். சைக்கோசிஸ் மருந்துகளால் வரும் தவிப்பும் இதே தோற்றத்தில் இருப்பதால் ஒன்றை மற்றதென்று எண்ணிவிடுவது எளிது.

எல்லாம் இயல்பு எல்லைக்குள் இருந்தால்? தொடக்கநிலை சைக்கோசிஸ் உள்ளவர்களில், இயல்பு எல்லைக்குள்ளேயே ஃப்ரீ டி4 அளவுக்கும் கவனம் போன்ற திறன்களுக்கும் தொடர்பு இருப்பதாக ஸ்பெயின் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தொடர்பு என்பது காரணம் ஆகாது. இயல்பான அளவு உள்ள பிள்ளைக்கு மூளை சுறுசுறுப்பாகட்டும் என்று தைராக்சின் கொடுக்கச் சொல்லிக் கேட்பது தவறு. தேவைக்கு மேற்பட்ட தைராக்சின் தூக்கத்தைக் கெடுக்கும், பதற்றத்தைக் கூட்டும், சிலருக்குச் சைக்கோசிஸையே மீண்டும் கிளப்பிவிடும். ஓலான்சபின் என்ற சைக்கோசிஸ் மருந்தை எடுத்து எடை கூடிய இளைஞர்கள், அம்மாவின் தைராய்டு மாத்திரையை இளைப்பதற்காகத் தாமாகவே எடுத்துக்கொள்வதும் நடக்கக்கூடியது. வீட்டில் யாருக்கேனும் அந்த மாத்திரை இருந்தால், டப்பா எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

ஒரு முன்னெச்சரிக்கையும் தேவை. மந்தம், எடை கூடுதல், மலச்சிக்கல், மாதவிடாய் மாறுவது ஆகிய அனைத்தும் தைராய்டு குறைவிலும் வரும், சைக்கோசிஸ் மருந்திலும் வரும். குளிர் தாங்காமை, வறண்ட தோல், கரகரத்த குரல், நாடித்துடிப்பு குறைவது ஆகியவை சேர்ந்திருந்தால் தைராய்டின் மீது சந்தேகம் கூடும். சைக்கோசிஸ் மருந்துகளால் வரும் கைகால் விறைப்புக்காகக் கொடுக்கப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் நினைவாற்றலை நேரடியாகக் குறைக்கும். தைராய்டு சரியாக இருந்தும் மறதி நீடித்தால், அந்த மாத்திரை இன்னும் தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்பது நல்ல கேள்வி. ரத்தசோகையும் பி12 குறைவும் இதே வரிசையில் பார்க்கப்பட வேண்டியவை.

மாத்திரையும் காபியும்

தைராக்சினை வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக எடுக்க வேண்டும். இதை எல்லா மருத்துவரும் சொல்கிறார்கள்; வீட்டில் நடப்பது வேறு. ஆறு அமர்வுகள் முடிந்தும் எந்த முன்னேற்றமும் தெரியாத ஓர் இளம்பெண்ணின் தாயிடம், காலையில் என்ன நடக்கிறது என்று நிமிடக் கணக்கில் சொல்லச் சொன்னேன். "ஆறரைக்கு எழுப்புவேன். டிகாஷன் காபி கையில் கொடுப்பேன், கூடவே எல்லா மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்துவிடுவேன், மறந்துவிடக் கூடாதே என்று." அந்த உள்ளங்கையில் தைராக்சினும் இருந்தது, ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையும் இருந்தது, கால்சியமும் இருந்தது. காபி தைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்பும் கால்சியமும் அதைக் குடலிலேயே பிணைத்து வைத்துவிடும், அவற்றுக்கும் தைராக்சினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மூன்று மாதங்களாக ஒரு நாளும் தவறாமல் மாத்திரை கொடுத்த தாய் அவர். குறை அவருடைய அக்கறையில் இல்லை, அட்டவணையில் இருந்தது. தைராக்சின் எழுந்ததும் தண்ணீரோடு, காபி ஒரு மணி நேரம் கழித்து, இரும்பும் கால்சியமும் மதியத்துக்கு மேல் என்று தாளில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னேன். மருத்துவருக்கும் தகவல் போயிற்று.

ஓர் ஐயம் அடிக்கடி வரும்: முட்டைக்கோஸ் சாப்பிடலாமா? சமைத்து, வழக்கமான அளவில் சாப்பிடுவதற்குத் தடையில்லை. மாத்திரை வேளையைக் குழப்பிவிட்டு முட்டைக்கோஸை விலக்குவதில் பயனில்லை.

சிகிச்சையை எந்த வரிசையில் வைப்பது

தைராக்சினின் அரை ஆயுள், அதாவது உடலில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய ஏழு நாட்கள். அதனால் அளவு மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரங்கள் கழித்தே டி.எஸ்.எச். புதிய நிலைக்கு வந்து நிற்கும். அதற்குமுன் பரிசோதிப்பது பணவிரயம். சிந்தனையின் தெளிவு இன்னும் மெதுவாக, சில மாதங்களில், வருவதும் உண்டு. அதுவரை உளவியல் சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்றால், கூடாது என்பதே என் கருத்து. சைக்கோசிஸின் முதல் சில ஆண்டுகள் சிகிச்சைக்கு மிகவும் பயன்படக்கூடியவை. தள்ளிப்போட வேண்டியது சிகிச்சையை அல்ல, சிகிச்சையின் கடினமான பகுதியை.

தைராய்டு சரியாகிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மாதங்களில், முக்கால் மணி நேர அமர்வை இருபது, இருபத்தைந்து நிமிட அமர்வுகளாகப் பிரித்து, வாரம் இரண்டு முறை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நோயைப் பற்றிய புரிதல், தூக்க நேரம், நாளின் ஒழுங்கு, சிகிச்சையாளருடன் ஏற்பட வேண்டிய நம்பிக்கை ஆகியவற்றை இக்காலத்தில் கட்டிவிடலாம். ஆதாரங்களை எடைபோடுவது, நம்பிக்கைகளைக் கேள்வி கேட்பது போன்றவை பிறகு வரட்டும்.

ஏன் என்பதற்கு மணிப் பரிசோதனை நல்ல சான்று. இரண்டு ஜாடிகள், ஒன்றில் நூற்றுக்கு எண்பது சிவப்பு மணிகளும் இருபது நீல மணிகளும், மற்றதில் அதற்கு நேர்மாறு. மறைவாக ஒரு ஜாடியிலிருந்து மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எந்த ஜாடி என்று கேட்க வேண்டும். சைக்கோசிஸ் உள்ளவர்களில் பலர் ஒன்று அல்லது இரண்டு மணியிலேயே முடிவு சொல்லிவிடுவார்கள். மெட்டாகாக்னிட்டிவ் பயிற்சி திருத்த முயலும் அவசரம் இதுதான். ஆனால் ஓர் இளைஞர் முதல் மணிக்கு யோசித்தார், இரண்டாவதற்குக் கண்ணை மூடித் திறந்தார், மூன்றாவதில் "சிவப்பு ஜாடி சார், போதும்" என்று சாய்ந்துகொண்டார். அவருக்குத் தோன்றியது உறுதியன்று, அயர்ச்சி. தாளில் மதிப்பெண் ஒன்றுதான்; அதன் பொருள் வேறு. தைராய்டு நிலை தெரியாமல் அந்த மதிப்பெண்ணின் மேல் சிகிச்சைத் திட்டம் போட்டால், சோர்ந்தவருக்கு நிதானத்தைப் பற்றி வகுப்பெடுப்பதில் போய் முடியும்.

ஆகவே அடிப்படை அளவீட்டை, அதாவது கவனம், நினைவாற்றல், வேகம் ஆகியவற்றுக்கான முறையான பரிசோதனையை, முடிந்தால் டி.எஸ்.எச். நிலைபெற்ற பிறகு எடுக்கச் சொல்லுங்கள். முன்பே எடுத்திருந்தால், நிலைபெற்ற பின் இன்னொரு முறை, வேறு வினாத்தொகுப்பில், எடுக்க வேண்டும். ஒரே வினாக்களை இருமுறை செய்தால் பழக்கத்தினாலேயே மதிப்பெண் ஏறும். இப்படிச் செய்யாவிட்டால், ஆறு மாதம் கழித்துத் தெரியும் முன்னேற்றம் மாத்திரையால் வந்ததா, பயிற்சியால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னேற்றம் வராவிட்டாலும் அதே குழப்பம்தான்: சிகிச்சை பலிக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள், காரணம் காலைக் காபியாக இருந்திருக்கும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். வாரத்துக்கு ஒரு பக்கம் போதும்: தைராக்சின் எடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், தூங்கிய மணி, அமர்வில் எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தார், வீட்டுப்பாடத்தைத் தானே செய்தாரா, நினைவூட்டிச் செய்தாரா. "செவ்வாய்: 6.10 மாத்திரை, 7.15 காபி, 7 மணி நேரத் தூக்கம், 30 நிமிடம் உட்கார்ந்தான், வீட்டுப்பாடம் ஒரு முறை சொன்னதும் செய்தான்" என்ற அளவில் எழுதினால் மருத்துவருக்கும் எனக்கும் ஒரே பார்வையில் புரிந்துவிடும். "பரவாயில்லை", "சுமார்" என்ற சொற்களில் எதுவும் தெரிவதில்லை. சென்னையில் 1984-ல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனமும் கனடாவின் மான்ட்ரியல் நகர மையம் ஒன்றும் சேர்ந்து, முதல் சைக்கோசிஸுக்கு ஆளானவர்களை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்தன. சிகிச்சையில் குடும்பத்தின் பங்கேற்பு சென்னையில்தான் கூடுதலாக இருந்தது. கையிலிருக்கும் அந்த வலுவைச் சும்மா விடாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் கொண்டுவந்து சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். பிள்ளைக்குத் தெரியாமல் மட்டும் எழுத வேண்டாம். தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்று அஞ்சியவரிடம் மறைவாக நோட்டு எழுதுவது எத்தகைய விளைவைத் தரும் என்று சொல்லத் தேவையில்லை. அவரே எழுதினால் இன்னும் நல்லது.

உடனே அழைக்க வேண்டிய தருணங்கள்

தைராக்சின் தொடங்கிய அல்லது கூட்டிய சில வாரங்களில் தூக்கம் சட்டென்று குறைந்து, பேச்சு வேகமாகி, அடங்கியிருந்த சந்தேகம் தலைதூக்கினால், அடுத்த அப்பாயின்ட்மெண்ட் வரை காத்திராமல் இரண்டு மருத்துவர்களுக்கும் சொல்லுங்கள். காய்ச்சல், வலிப்பு, இடம் நேரம் தெரியாத குழப்பம், நினைவு வருவதும் போவதுமாக இருப்பது ஆகியவை இருந்தால் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

அதன் பிறகு

அளவு நிலைபெற்ற பின் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை பொதுவாகப் போதும். லித்தியம் எடுப்பவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. சைக்கோசிஸ் மருந்து மாறினாலோ, கருவுற்றாலோ, சிகிச்சையில் ஏறிக்கொண்டிருந்தவர் காரணம் தெரியாமல் பின்தங்கினாலோ இடையிலேயே பாருங்கள். மறுபடி கல்லூரி விடுதிக்குப் போகிறவருக்குக் காலை வேளை ஒத்துவராது. மெஸ்ஸில் ஏழரைக்குக் காபி, எட்டுக்கு இட்லி என்றிருக்கும்போது வெறும் வயிற்றை யார் காப்பது? அப்படிப்பட்டவர் இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது தைராக்சினை எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பலருக்கு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. எட்டு மணிக்கே மெஸ் மூடிவிடும் விடுதியாக இருந்தால் பதினொரு மணி சரியாக வரும்.